பட்டை கட்டிய கை

நடராஜனுக்கு நவம்பரில் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. டிசம்பரில் வயிறு எரிய ஆரம்பித்தது. மணிக்கட்டு வலிக்குக் காரணம் கேரம் போர்டு. வயிற்றெரிச்சலுக்குக் காரணம் மூன்றாவது மாடி சிவராம். இரண்டில் எது பொறுக்க முடியாதது என்று யாராவது கேட்டிருந்தால், மணிக்கட்டுக்குத் தைலமாவது இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

இருவரும் டாக்குரியாவில் ஒரே கட்டடத்தில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறவர்கள். நடராஜன் ஒரு சர்க்கார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். சிவராம் பாங்கில் ஏ.ஜி.எம்.மாக ரிடையர் ஆனவர். சிவராமுக்குக் காற்றும் வெயிலும் கொட்டுகிற தெற்கு பார்த்த ஃபிளாட்; நடராஜனுக்கு முதல் மாடியில், சந்துப் பக்கமாக ஒரே ஒரு சமையலறை ஜன்னல். இருவர் தாத்தாக்களும் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ரயிலில் ஹௌராவில் வந்து இறங்கியவர்கள் என்று இரண்டு வீட்டிலும் சொல்வார்கள். சிவராம் சொல்லும்போது மட்டும், அவர் தாத்தா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தார் என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சேரும். அந்த ஜன்னலோரத்தை நடராஜன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சந்தில் ஒரு கிளப் உண்டு. துர்கா பூஜைக்கு வசூல் செய்வது, பூஜை முடிந்தபின் அடுத்த பூஜைவரை கேரம் ஆடுவது, இவை தவிர அதற்கு வேறு கொள்கை கிடையாது. ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேரம் கோப்பைக்கு ஃபைனல் நடக்கும். ஒன்பது வருஷமாக ஃபைனலில் எதிரெதிரே உட்காருவது இந்த இரண்டு தமிழ்க் கிழவர்கள்தான். ஐந்து தடவை சிவராம், நான்கு தடவை நடராஜன். இந்த வருஷம் ஜெயித்தால் ஐந்துக்கு ஐந்து. அறுபத்து நாலு வயதில் நடராஜனுக்கு வேறு லட்சியம் இல்லை. பிள்ளை அபினவ் பெங்களூரில் செட்டிலாகிவிட்டான், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இது ஒன்றுதான் பாக்கி.

இந்த இடத்தில் நடராஜனின் கைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறவியில் அவர் இடது கைக்காரர். அவருடைய அப்பா அதை ஒரு வியாதியாக எடுத்துக்கொண்டு மர ஸ்கேலால் வைத்தியம் பார்த்தார். "பீச்சாங்கையை நீட்டினா உடைச்சுடுவேன். சோத்துக்கையைக் கொண்டா" என்று சாப்பாடு, எழுத்து, கொடுக்கல், வாங்கல் எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றிவிட்டார். அப்பாவுக்குக் கேரம் தெரியாது. அதனால் அது மட்டும் இடது கையில் தப்பிப் பிழைத்தது. யாராவது "கை" என்று சொன்னால் போதும், இன்றைக்கும் நடராஜனின் வலது கை தானாக முன்னால் வரும், இடது கை தானாக முதுகுப் பக்கம் போகும். இதில் அவர் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை, தும்மல் மாதிரிதான்.

வலி வந்தது அந்த இடது கையில். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில், ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் சுள்ளென்று முழங்கைவரை ஏறியது. அவர் மனைவி ஜலஜா இரண்டு வேளை தைலம் தேய்த்துவிட்டாள். அப்படியே போயிருந்தால் இந்தக் கதை ஒரு தைல பாட்டிலோடு முடிந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சிவராமுக்கும் மணிக்கட்டு வலித்தது. அவருக்கு வலது கை. அவர் தைலத்தோடு நிற்கிற மனுஷரா? பைபாஸ் ரோட்டில் 'மணிபந்த் இன்ஸ்டிட்யூட்' என்று மணிக்கட்டுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. முழங்கை வலித்தால்கூட உள்ளே விடமாட்டார்கள். அங்கே போய், எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு, கக்கத்தில் பெரிய கவரோடு டாக்ஸியில் வந்து இறங்கினார்.

"சிவராமுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருக்காளாம்" என்றாள் ஜலஜா.

"என்ன வந்திருக்காம்?"

"அதெல்லாம் நான் கேக்கல்லே. ஆனா படம் எவ்வளவு பெரிசு தெரியுமா! நாலு ஷீட்டு. ஜன்னல்ல ஒட்டி வெச்சிருக்கார். வெயில் பட்டா எலும்பு எலும்பாத் தெரியறது."

நடராஜன் சந்தில் இறங்கிப் பார்த்தார். உண்மைதான். மூன்றாவது மாடி ஜன்னலில் சிவராமின் மணிக்கட்டு தெற்கு வெயிலில் ஜொலித்துக்கொண்டிருந்தது. கீழே கிளப் செயலாளர் ஹாபுல்தாவும், மீன்காரரும், இஸ்திரி வண்டிக்காரரும் அண்ணாந்து நின்றார்கள். "பாருங்க நட்ராஜ்தா, உள்ளே எவ்வளவு சாமான்!" என்றார் ஹாபுல்தா பக்தியோடு. அன்று முதல் கிளப்பில் டீ வந்தால் முதல் மண்குவளை சிவராமுக்குப் போயிற்று. அவருக்கு மட்டும் முதுகு வைத்த நாற்காலி. எட்டு நாள் கழித்து சிவராமின் வலி போயே போய்விட்டது. ஆனால் ஜன்னலிலிருந்து படம் போகவில்லை.

நடராஜனுக்குப் பொறாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அவருக்குள் அது பல வார்த்தைகளாக ஓடியது. அவனுக்கு வந்த அதே வலிதானே எனக்கும் வந்தது? அவனுக்கு முன்னாடியே வந்தது. அவனுக்கு நாலு ஷீட்டு, எனக்குத் தைலமா?

"ஸ்டேஷன் பக்கத்துல அந்த டாக்டர் இருக்காரே, கையைப் பிடிச்சுப் பாத்து மாத்திரை தருவாரே" என்றாள் ஜலஜா.

"கையைப் பிடிச்சுப் பாக்கறதுக்கு நான் என்ன கல்யாணப் பெண்ணா? எனக்கு எம்.ஆர்.ஐ. வேணும்" என்றார் நடராஜன். பழைய கம்பெனியின் மெடிக்கல் கார்டை எடுத்துக்கொண்டு பைபாஸுக்கு பஸ் ஏறினார்.

மணிபந்த் இன்ஸ்டிட்யூட்டின் ஹாலில் நுழைந்ததுமே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உட்காருவதற்கு மூன்று இடங்கள். எக்ஸ்ரேக்காரர்களுக்கு இரும்பு பெஞ்சு. அல்ட்ராசவுண்டுக்காரர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எம்.ஆர்.ஐ.க்காரர்களுக்கு சோபா, பீங்கான் கோப்பையில் டார்ஜீலிங் டீ. பெஞ்சுக்காரர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள். நாற்காலிக்காரர்கள் சோபாவைப் பார்த்தார்கள். சோபாக்காரர்கள் யாரையும் பார்க்கவில்லை. பெஞ்சில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரேயிலேயே எலும்பு முறிவு தெரிந்துவிட்டதாம். அதற்குமேல் எதுவும் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். "என் நாத்தனார் சும்மா சுளுக்குக்கு சோபாவரைக்கும் போய் வந்தா. என் தலையெழுத்து, உடைஞ்சு தொலைச்சுது" என்று அழுதாள். நடராஜன் தன் எலும்பு உடைந்திருக்கக்கூடாதே என்று மனதுக்குள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டார்.

மூன்றாம் நம்பர் கவுண்டரில் தேவிப்ரியா என்று பெயர் குத்திய பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர், வயது, கார்டு நம்பர் எல்லாம் கேட்டாள். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஹாத் தின்" என்றாள்.

கையைக் கொடுங்கள் என்றால் எந்தக் கையைக் கொடுப்பது? மர ஸ்கேல் வைத்தியம் வீண்போகவில்லை. நடராஜனின் வலது கை முன்னால் போயிற்று, இடது கை முதுகுப் பக்கம் போயிற்று. தேவிப்ரியா வலது மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்திப் பூட்டினாள். பட்டையில் அவர் பெயரும் நம்பரும் 'வலது மணிக்கட்டு' என்ற எழுத்தும் இருந்தன. பழைய கண்ணாடியில் நடராஜனுக்கு அது ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

எக்ஸ்ரே அறையில், தட்டின் மேல் வலது கையை வைக்கச் சொன்னபோதுதான் அவர் விழித்துக்கொண்டார்.

"தாதா, வலி இந்தக் கையில இல்லை. அந்தக் கையில."

டெக்னீஷியன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை; பட்டையைப் பார்த்தார். "பட்டை இந்தக் கையிலதானே இருக்கு?"

"அது தப்பா கட்டிட்டாங்க."

"எங்க ஆஸ்பத்திரியில பட்டை தப்பாகாது. பட்டை எந்தக் கையில இருக்கோ அதுதான் நோயாளி. மற்ற கை கூட வந்தவர். கூட வந்தவருக்கு எக்ஸ்ரே எடுக்க முடியாது."

"மாத்திக் கொடுங்களேன்."

"பட்டை மாற்றுப் பிரிவு வியாழக்கிழமை பதினொண்ணுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும். ஆனா பட்டையை வெட்டினா எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எம்.ஆர்.ஐ.க்கு உங்க முறை இன்னிக்கே இருக்கு. விட்டா அடுத்தது பிப்ரவரி பத்து."

பிப்ரவரி பத்து! ஜனவரி நாலாம் தேதி ஃபைனல். இன்னும் ஐம்பது நாளைக்குமேல் சிவராமின் ஜன்னலை அண்ணாந்து பார்க்க வேண்டும். நடராஜன் கொஞ்சம் யோசித்தார். டாக்டரைப் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம், அவர் கையைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது என்று நினைத்து, வலது கையைத் தட்டின் மேல் வைத்தார். ஆஸ்பத்திரியில் யாராவது கையைத் தொடுவார்கள் என்று நம்பியது அவர் செய்த இரண்டாவது தப்பு.

எக்ஸ்ரே ரிப்போர்ட் அரை மணியில் வந்தது. எலும்பு நன்றாக இருக்கிறது, ஆகவே அல்ட்ராசவுண்டு தேவை என்று இருந்தது. கடைசி வரியில், 'நோயாளியின் கையோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு வாக்கியம். நடராஜன் மகிழ்ந்துபோய் அதை அல்ட்ராசவுண்டு டாக்டர் மதுவந்தியிடம் காட்டினார்.

"கையோடு ஒத்துப் பாக்கணும்னு போட்டிருக்கே, டாக்டர்."

"அது எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும். கடுதாசியில நலம், நலமறிய ஆவல்னு எழுதறதில்லையா? யாராவது நலத்தை அறியப் புறப்பட்டு வர்றாங்களா?" என்றாள் அந்த அம்மாள், திரையைப் பார்த்தபடியே. கையில் ஜெல்லைக் கொட்டி, கருவியை உருட்டி, திரையில் தெரிந்த கறுப்பு வெள்ளை மேகத்தோடு பேசினாள். மேகத்தில் துளி நீர் தெரிகிறது, ஆகவே எம்.ஆர்.ஐ. தேவை என்று எழுதினாள். அதிலும் நலமறிய ஆவல் இருந்தது.

சோபாவில் உட்கார்ந்த அந்த இருபது நிமிஷத்தை நடராஜன் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். டீ கொண்டுவந்தவர் குனிந்து "ஸார்" என்றார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எலும்பு முறிந்த அம்மாள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடராஜன் யாரையும் பார்க்கவில்லை.

எம்.ஆர்.ஐ. குழாயில் அவரைக் குப்புறப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே நீட்டச் சொன்னார்கள். இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இயந்திரம் டொக் டொக்கென்று ஆரோக்கியமான கையைத் துளைத்துத் துளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வலிக்கிற கை எழுபது கிலோவின் அடியில் நசுங்கி உயிரை வாங்கியது. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கண்ணில் நீர் வந்தது. வெளியே வந்ததும் அவர் முதலில் கேட்ட கேள்வி, "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாற்பத்தஞ்சு நிமிஷம்."

"சிவராம்னு ஒருத்தர் வந்தாரே, அவருக்கு?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது, அங்கிள். சாதாரணமா முப்பது."

நடராஜனுக்கு வலி பாதி குறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் அவரை மணிக்கட்டுக் குழுவின் முன்னால் வரச் சொன்னார்கள். நீள மேஜையைச் சுற்றி எட்டு டாக்டர்கள். சுவர் முழுக்க நடராஜனின் வலது மணிக்கட்டு, ஆளுயரத்துக்கு. நடராஜனுக்கு மூலையில் ஒரு ஸ்டூல். அவர் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். தலைவர் டாக்டர் சமத்தார் லேசர் பேனாவால் ஒரு இடத்தைத் தொட்டார்.

"இதோ, சுண்டு விரல் பக்கம், எலும்புக்கு நடுவில இருக்கிற மெத்தை. கிரேடு டூ தேய்மானம். என்ன அழகு!"

ஏழு டாக்டர்கள் பெருமூச்சு விட்டார்கள். அறுபது தாண்டினவர்களில் பாதிப் பேருக்கு அது இருக்கும், தலை நரைப்பது மாதிரிதான், பெரும்பாலும் வலிக்காது என்று கடைசி நாற்காலியில் இருந்த ஓர் இளம் டாக்டர் முணுமுணுத்தார். அவர் பேச்சு மினிட்ஸில் ஏறவில்லை.

நடராஜன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். கிரேடு டூ என்ற வார்த்தை அவருக்கும் இனித்தது. இருந்தாலும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. "டாக்டர், ஒரு விஷயம். எனக்கு வலி இந்த இடது கையில. நீங்க கொஞ்சம் தொட்டுப் பாத்தா..." என்று சொல்லி, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் முன்னால் இடது கையை நீட்டினார்.

டாக்டர் சமத்தாருக்குக் கோபம் வரவில்லை; வருத்தம்தான் வந்தது.

"தொட்டுப் பார்க்கணுமா? என் குருநாதர் காலத்துல அப்படித்தான் செஞ்சாங்க. கையைப் பிடிப்பாங்க, எங்கே வலிக்குதுன்னு கேட்பாங்க. நோயாளி இங்கேம்பான், அங்கேம்பான். அவன்கிட்ட ஆதாரம் உண்டா? கிடையாது. அவன் பேச்சை நம்பி வைத்தியம் பண்ணி, எத்தனையோ ஆயிரம் பேரைக் குணப்படுத்தி, எப்படிக் குணமாச்சுன்னு ஒரு படம்கூட இல்லாம வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த இருண்ட காலம் போயிடுச்சு. இந்த இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் எங்க டாக்டர்கள்ல ஒருத்தர்கூட ஒரு கையையும் தொட்டதில்லை. பெருமையோட சொல்றேன்."

ஏழு பேரும் கைதட்டினார்கள்.

"ஆனா வலிக்கிறது இது, டாக்டர்."

"இருக்கலாம். ஆனா எங்க ரெக்கார்டுபடி உங்க இடது கை இன்னும் இந்த ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. வராத கைக்கு நான் எப்படி வைத்தியம் பண்றது? ஒரே நோயாளிக்கு ஒரே சமயத்துல ரெண்டு கையைப் பதிவு பண்ணவும் கம்ப்யூட்டர் விடாது. முதல்ல வலது கை குணமாகி டிஸ்சார்ஜ் ஆகணும். அப்புறம் இடது கையை அழைச்சுக்கிட்டு வாங்க."

"வலது கைக்கு ஒண்ணுமே இல்லையே! அது எப்படி குணமாகும்?"

"கட்டுப் போட்டாத்தான் குணமாகும். மூணு வாரம். அப்புறம் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம். வேண்டாம்னா பரவாயில்லை, 'நோயாளி ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதி ஃபைலை மூடிடுவோம். ஆனா மூடின ஃபைலோட படங்கள் எங்க லைப்ரரிக்குப் போயிடும். உங்களுக்குத் தர்றதில்லை."

படம் கிடைக்காது! நடராஜனின் கண்முன்னால் மூன்றாவது மாடி ஜன்னல் வந்தது. முதுகு வைத்த நாற்காலி வந்தது. ரயிலில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சிரிக்கிற ஒரு தாத்தா வந்தார்.

"எத்தனை ஷீட்டு?" என்று கேட்டார்.

"ஆறு."

நடராஜன் சம்மதப் பத்திரத்தில் வலது கையால் அழகாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மூன்று வாரத்துக்கு அந்தக் கை போட்ட கடைசிக் கையெழுத்து அது.

வீட்டுக் கதவைத் திறந்த ஜலஜா கட்டைப் பார்த்தாள். அடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் கட்டைப் பார்த்தாள்.

"ஏன்னா, நான் இத்தனை நாளா தைலம் தேய்ச்சது அந்தக் கைக்குன்னா?"

"மெதுவாப் பேசு."

"வலி ஒரு பக்கம், கட்டு ஒரு பக்கமா? அவாதான் பாக்கல்லேன்னா, நீங்க உங்க கையோட கூடப் போகல்லியா?"

"கிரேடு டூ, ஜலஜா. எட்டு டாக்டர் உக்காந்து பாத்தா. சிவராமுக்கு ஒரு டாக்டர்தான்" என்றார் நடராஜன். ஆறு ஷீட்டையும் சமையலறை ஜன்னலில் ஒட்டினார். அதனால் மூன்று வாரம் ஜலஜா பகலிலேயே லைட்டைப் போட்டு சமைத்தாள்.

பலன் உடனே தெரிந்தது. சந்தில் அண்ணாந்து பார்த்த கழுத்துகள் எல்லாம் முதல் மாடி உயரத்துக்குத் தாழ்ந்தன. மீன்காரர் ஷீட்டுகளை எண்ணிப் பார்த்து, மேல் மாடியைவிட இரண்டு அதிகம் என்று எல்லோருக்கும் சொன்னார். முதுகு வைத்த நாற்காலி இடம் மாறியது. ஹாபுல்தா கட்டின் மேல் பேனாவால் 'ஜெய் மா துர்கா' என்று எழுதினார். சிவராம் மட்டும் அருகில் வராமல், எட்ட நின்று கட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையில் இருந்ததை நடராஜன் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டார். முப்பது வருஷமாகக் கண்ணாடியில் தன் முகத்தில் பார்த்துவந்தது அது.

அதற்கு விலையை இடது கை கொடுத்தது. வலது கை கட்டுக்குள் ராஜா மாதிரி படுத்திருக்க, பல் தேய்ப்பது, ஸ்பூனால் சாப்பிடுவது, பக்கெட் தூக்குவது எல்லாம் நோயாளிக் கையின் தலையில் விழுந்தன. நாளுக்கு நாள் வலி கூடியது.

ஜனவரி நாலாம் தேதி காலை, மங்கி கேப்பும் சால்வையுமாக நாற்பது பேர் கிளப்பில் கூடியிருந்தார்கள். "நல்ல வேளை, நட்ராஜ்தா ஆடற கை இடது! அடிபட்டது வேற கை" என்று ஹாபுல்தா அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நடராஜன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்ட்ரைக்கரைப் போட்டார்.

முதல் போர்டு அவருக்கு. இரண்டாவது சிவராமுக்கு. மூன்றாவதில் நடராஜன் ராணியை அடித்துப் போட்டு, கூடவே ஒரு காயையும் போட்டார். இன்னும் மூன்று காய். அடுத்த சுண்டலில் வலி தோள்வரை ஏறி, ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றது. நடராஜன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

சிவராம் பார்த்துவிட்டார். "ஹாபுல், டீக்கு அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி, நடராஜனைக் கிளப்பின் பின்பக்கம், பூஜைப் பந்தல் மூங்கில்கள் அடுக்கிய இடத்துக்கு அழைத்துப்போனார்.

"அந்தக் கையைக் காட்டுங்கோ. அது இல்லே, இடது கை. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடியுங்கோ." பிடித்த முஷ்டியைச் சிவராம் சுண்டு விரல் பக்கமாக லேசாகச் சாய்த்தார். நடராஜன் மூங்கில்கள் சரியும்படி அலறினார்.

"எனக்கு வந்ததும் இதேதான். கட்டைவிரல் நரம்புல வீக்கம். ஸ்டேஷன் ரோட்டுல ஸ்மிதான்னு ஒரு பிசியோதெரபிப் பொண்ணு இருக்கா. கையைத் தொட்ட ரெண்டாவது நிமிஷம் சொல்லிட்டா. எட்டு நாள் ஓய்வு, சின்னதா ஒரு பட்டி, அவ்வளவுதான்."

"அப்போ உங்க எம்.ஆர்.ஐ.?"

சிவராம் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நார்மல்."

"என்னது?"

"நார்மல்னு எழுதிக் கொடுத்துட்டான். வலிக்கிற கையைத்தான் காட்டினேன், சுத்தமா ஒண்ணுமில்லைன்னுட்டான். வெளியில சொல்ல முடியுமா? அதான் படத்தை மட்டும் ஒட்டினேன்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது கிடக்கட்டும். ஹாபுல்கிட்ட சொல்லுங்கோ, வலி இந்தக் கையிலன்னு. ஃபைனலை மூணு வாரம் தள்ளி வெச்சுப்போம். நொண்டிக் கையை ஜெயிச்சு எனக்கு ஒரு கோப்பை வேண்டாம்."

நல்ல வார்த்தைதான். கோப்பை அந்த வார்த்தைக்குள்ளேயே இருந்தது. நடராஜன் செய்ய வேண்டியதெல்லாம் உள்ளே போய், வலி இந்தக் கையில் என்று சொல்வதுதான். சொன்னால் கட்டுப் போட்டது எந்தக் கைக்கு என்று நாற்பது பேரும் கேட்பார்கள். கிரேடு டூ போகும், ஆறு ஷீட்டு போகும், 'ஜெய் மா துர்கா' போகும். மூன்றாவது மாடியில் நார்மல். முதல் மாடியில் கிரேடு டூ. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் மேலே இருந்தார்.

"வலியா? எனக்கு என்ன வலி? பவுடர் கண்ணுல பட்டுடுத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மீதி மூன்று காய்களும் போர்டிலேயே கிடந்தன. சிவராம் ஒன்றன்பின் ஒன்றாகத் தன் காய்களைப் போட்டு முடித்தார். ஆறு, நான்கு. ஹாபுல்தா கோப்பையைச் சிவராம் கையில் கொடுத்தார். கைதட்டினார்கள், நொலேன் குட் சந்தேஷ் என்கிற ஈச்சவெல்ல இனிப்புக் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தபோது நடராஜன் முதுகு வைத்த நாற்காலியில் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கை நெருப்பாக எரிந்தது. தோற்றுப்போனது துக்கமாகத்தான் இருந்தது. இனி ஐந்துக்கு ஐந்து என்பது ஒரு நாளும் வரப்போவதில்லை.

சிவராம் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோப்பையைப் பார்க்கவில்லை. கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஒரு விரலால் அதைத் தொட்டும் பார்த்தார்.

"நடராஜன், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. அதே ஆஸ்பத்திரி, அதே மெஷின். எனக்கு மட்டும் நார்மல். உங்களுக்கு எப்படி எட்டு டாக்டர், ஆறு ஷீட்டு, கட்டு எல்லாம் கிடைச்சுது? அங்கே போய் என்ன சொன்னேள்?"

அந்தக் குரலுக்காக நடராஜன் முப்பது வருஷம் காத்திருந்தவர். அதை முழுசாக அனுபவித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். மூணாம் நம்பர் கவுண்டர்ல கையைக் கேப்பா. வலிக்கிற கையை மட்டும் நீட்டிடாதீங்கோ."